ஹேவ், ஹேஸ், இரண்டு ஏக்கர்

ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ எங்கே வரும், ‘ஹேஸ்’ எங்கே வரும் என்று முப்பத்தோரு வருடம் சொல்லிக்கொடுத்தேன். ஐ ஹேவ், வீ ஹேவ், ஹீ ஹேஸ், ஷீ ஹேஸ். ஆறாம் வகுப்பில் சொல்வேன், ஏழாம் வகுப்பில் சொல்வேன், எட்டாம் வகுப்பில் முதல்முறை கேட்பதுபோல என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது.

தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்கள் ஊர். அங்கேயே உயர்நிலைப் பள்ளியில் வேலை. புத்தகத்து வாக்கியங்கள் எனக்கே சலித்துப்போனதால், அவரவர் வீட்டைப் பற்றி இரண்டு வரி எழுதிவரச் சொல்வேன். பெரும்பாலும் ஒரு பசு, இரண்டு ஆடு என்று வரும். ஒரு வருடம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ‘வீ ஹேவ் டூ ஏக்கர்ஸ். மை ஃபாதர் ஹேஸ் டூ புல்லக்ஸ்’ என்று எழுதிவந்தாள். ஒரு பிழை இல்லை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மாடுகள் அவள் அப்பாவுடையவை. இரண்டு ஏக்கர் எங்கள் வீட்டு நிலம். அவள் தாத்தா காலத்திலிருந்து அவர்கள்தான் குத்தகைக்குச் சாகுபடி செய்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குச் சீட்டு, பத்திரம் எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசாங்கம் புதிதாகச் சட்டம் போட்டிருந்த சமயம் அது. பெயர் ஏறிவிட்டால் ஆளை வெளியேற்ற முடியாது என்று மிராசுதார்களுக்கெல்லாம் வயிற்றில் புளியைக் கரைத்தது. இது தெரிந்திருந்தும், அன்று சாப்பிடும்போது அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

“நம்ம நிலத்த அந்தப் பொண்ணு தன்னோடதுன்னு எழுதியிருக்குண்ணே. அதுவும் இங்கிலீஷ்ல.”

அண்ணன் சிரிக்கவில்லை. “வீட்ல பேசாததையா புள்ள எழுதும்?” என்று கேட்டுவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

குறுவைக்கு நாற்று விடும் நேரத்தில் வேறு ஆள் வைத்து அந்த நிலத்தை உழுதுவிட்டார். கேட்க வந்த குத்தகைக்காரரிடம், “ஒம் பொண்ணு எழுதுனத எந்தம்பி சொன்னான். நெனப்பு அப்புடிப் போவுதா?” என்றாராம். குத்தகையில் தன் பெயரைப் பதியச் சொல்லி அந்தப் பெண்ணின் அப்பா தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தார். காகிதம் இல்லாதவருக்குச் சாட்சிதான் எல்லாம். ஊரில் யாரும் அண்ணனுக்கு எதிராக வரத் துணியவில்லை. கடைசியில் பள்ளிக்கூட வாசலில் எனக்காக நின்றார். என்மேல் கோபம் இருந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

“நாங்கதான் பயிர் வக்கிறோம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க சார். நீங்களே பாத்திருக்கீங்க.”

“பாக்கலாம்ப்பா,” என்றேன்.

விசாரணையன்று அவர் தரப்புச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டு அதிகாரி கேட்டபோது அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். “நான் பள்ளிக்கூடம் உண்டு, வீடு உண்டுன்னு இருக்கறவன். வயல் விவகாரம் எனக்குத் தெரியாதுங்க,” என்றேன். பொய். அந்தப் பெண்ணின் அப்பா ஏர் ஓட்டியதையும் அவர் மனைவி நடவு நட்டதையும் பள்ளிக்கூடம் போகும் வழியில் வருடக்கணக்காகப் பார்த்தவன் நான். மனு தள்ளுபடியானது. வெளியே வந்ததும் அவர் வழக்கம்போல என்னைக் கும்பிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அந்தப் பெண் வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. நின்றிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அடுத்த வாரமே, வேறெதுவும் யோசிக்கத் தெம்பில்லாமல், மறுபடியும் வீட்டைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். அவள் முறை வந்தது. எழுந்து புத்தகத்தைப் பிரித்து, ‘தி கிங் ஹேஸ் எ ஹார்ஸ்’ என்று படித்தாள்.

“புத்தகத்த மூடிட்டு ஒங்க வீட்டப் பத்திச் சொல்லும்மா.”

அவள் மூடவில்லை. “வேணாம் சார். நீங்க வீட்ல போய்ச் சொல்லிடுவீங்க,” என்றாள்.

உட்காரச் சொன்னேன்.