சேறு குடித்த கல்

காலை ஏழு மணிக்குக் காக்காவின் அழைப்பு வரும். வளைகுடாப் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் சேறு கலக்கும் பகுதிக்கு அவர் பொறுப்பு. நகரத்து அலுவலகத்தில் நான். இலங்கையில் எனக்குக் கல்முனை, அவருக்குப் பக்கத்துச் சாய்ந்தமருது. சொந்த அண்ணன் இல்லை, ஊர்முறைக்குக் காக்கா. "ஊரில வயல் சேறு மிதிச்சன், இஞ்ச எண்ணெய்ச் சேறு மிதிக்கிறன் தங்கச்சி. சேறு என்னை விடுகுதில்ல" என்று சிரிப்பார். துளைக்குள் விடும் அந்தச் சேற்றைத் தண்ணீரில் அல்ல, எண்ணெயில்தான் கரைப்பார்கள். அன்றாடம் அதன் நிலவரத்தை அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதி அனுப்புவேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாததால் அவர் அப்படியே கையொப்பம் இடுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். என் ஆங்கிலத்துக்காக ஒருவர் காத்திருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

என் சொந்த வேலை வேறு. கிணற்றுக்குள் இறக்கிய கருவிகள் வரைந்து தரும் கோடுகளை வாசித்து, எந்த ஆழத்தில் எண்ணெய் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர் ஊறிய கல்லில் மின்சாரம் இலகுவாகப் பாயும். எண்ணெய் ஊறிய கல் அதைத் தடுக்கும். தடை கூடினால் கோடு வலப்பக்கம் விலகும். ஆனால் கல் சேற்றைக் குடித்துவிட்டால், சேற்றின் எண்ணெய் தண்ணீரைத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். அப்போதும் கோடு விலகும்.

ஒரு நாள் காக்கா சொன்னார்: "நேத்து அடியில கொஞ்சம் சேறு காணாமப் போயிட்டு தங்கச்சி. கல் குடிச்சிருக்கு. மறக்காம எழுதுங்க."

"ஓம் காக்கா, எழுதுறன்."

கூட்டமொன்றுக்கு நேரமாகியிருந்தது. முந்தைய நாளின் அறிக்கையை எடுத்துத் திகதியை மட்டும் மாற்றி அனுப்பினேன். 'சேறு இழப்பு இல்லை' என்ற வரி அப்படியே போயிற்று. துளை பத்து நாள் சேற்றோடு திறந்து கிடந்தது. பிறகு அதே ஆழத்தில் கோடு விலகி நின்றபோது அவருடைய சொல் எனக்கு நினைவு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கல்லின் உட்புறத்தை அளக்கும் கோடும் சேர்ந்தே விலகியிருந்தது. கொஞ்சச் சேறு அவ்வளவு தூரம் போகாது என்று எண்ணினேன். எண்ணெய் என்று எழுதினேன். சோதித்தபோது உப்புத் தண்ணீர் வந்தது. பத்து நாளில் சேற்றின் எண்ணெய் உள்ளே வரை ஊறியிருந்தது.

விசாரணையில் அந்த அறிக்கையை எடுத்தார்கள். கீழே காக்காவின் கையொப்பம். இழப்பை மறைத்தார் என்று அவரை ஊருக்கு அனுப்பினார்கள். அந்த அறையில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

சென்ற மாதம் விடுமுறையில் நான் ஊருக்கு வந்திருந்தபோது காக்காவே கூப்பிட்டார். புதிய கம்பனி ஒன்றுக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டுமாம். அவருடைய வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதினேன். முந்தைய வேலையை விட்ட காரணம் கேட்ட இடத்தில் பேனா நின்றது.

"இதில என்ன எழுதுற காக்கா?"

"என்னத்தச் சொல்ல? உங்களிட்டச் சொன்னனோ, சொல்ல மறந்திட்டனோ எண்டு இண்டைக்கும் யோசிக்கிறன். மறந்துதான் இருப்பன். வடிவா ஏதும் எழுதிவிடுங்க தங்கச்சி."

எழுதினேன். நடந்ததை நடந்தபடி நான்கு வரி. என் பெயரும் அதில் இருந்தது. பிறகு அதைத் தமிழில் அவருக்குச் சொன்னேன்.

முடியும்வரை அவர் என்னைப் பார்க்கவில்லை. பிறகு குசினிப் பக்கம் திரும்பி, சமைத்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வா. நான் மறக்கல்லயாம்."

மனைவி ஈரக் கையோடு வந்து கதவடியில் நின்றார். காக்கா தாளை என் பக்கம் தள்ளினார்.

"இவக்கும் கேக்கட்டும். முதல்ல இருந்து சொல்லுங்க."