கப்பலில் வந்த கருங்காலி

என் கைக்கு வந்த மரங்களில் அவ்வளவு கறுப்பு வேறு எதுவும் இல்லை. நம் பக்கத்துக் கருங்காலியில் எங்காவது பழுப்புக் கோடு ஓடும். இது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கட்டை. வெட்ட வெட்ட உள்ளே அடுப்புக்கரிதான். ஒரு துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்த்தேன், கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. உளி சீக்கிரம் மழுங்கும், கை விட்டுப்போகும். ஆனால் படிந்து வந்துவிட்டால் பாலிஷ் போடாமலே பளபளக்கும். எனக்கு அந்த மரத்தின் மேல் பித்துப் பிடித்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய அயோக்கியத்தனம் அந்தப் பித்தில்தான் தொடங்கியது.

அப்போது பெங்களூரில் ஒரு நூல் ஆலையின் மர ஷாப்பில் நான் கடைசல்காரன். காலையிலிருந்து சாயங்காலம் வரை நூல் சுற்றுகிற பாபின் கட்டை கடைவதுதான் பிழைப்பு. ஆலைத் துரைக்குத் திடீரென்று ஓர் ஆசை, சாப்பாட்டு மேசைக்கு மெழுகுவத்தி செருகி வைக்கிற தண்டு ஒரு ஜோடி வேண்டுமாம். கட்டையையும் அவரே கொடுத்தனுப்பினார். முப்பது பேர் இருக்கிற ஷாப்பில் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து மிஷினில் என் மனைவியின் அண்ணன். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எனக்கு அந்த ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். “துரைக்கு தண்டு கடையற ஆளு, இனிமே நம்மகூட எல்லாம் பேசுவாரா?” என்று மச்சான் கிண்டல் செய்வார். உண்மையில் நான் அந்த நாட்களில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

முதல் தண்டை முடித்து, இரண்டாவதைப் பாதி கடைந்திருந்தபோது வேலைநிறுத்தம் வந்தது. ஆளைக் குறைத்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களை ஆளுக்கு இரண்டு மிஷின் பார்க்கச் சொன்னார்கள். மர ஷாப்பு ஆட்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்தவர் மச்சான். நானும் வந்தேன். மனதார வந்தேன், அதில் பொய் இல்லை.

ஆனால் வந்த அவசரத்தில் தண்டின் முனைகளுக்கு மெழுகு பூச மறந்துவிட்டேன். கருங்காலியைப் பாதியில் நிறுத்தினால் வெட்டு முனையில் மெழுகு பூசி மூட வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப் பட்டு விரிசல் விடும். அதுவும் மாசி மாதம். பெங்களூரின் வறட்டுக் காற்று மனிதர்களின் உதட்டையே வெடிக்க வைக்கிற சமயம். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவே அடுத்த வாரம் அடுப்பு எரியுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்க, நான் ஒரு கட்டைக்காகக் கவலைப்பட்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் காலை, மரக்கட்டை வண்டிகள் வரும் பின்வாசலுக்குப் போய் மேஸ்திரியைப் பார்த்தேன்.

“மெழுகு மட்டும் பூசிட்டு ஓடிடறேன்.”

“அதுக்கென்னப்பா, வா வா.”

போனேன். தண்டைத் தொட்டதும் மெழுகு மறந்துபோயிற்று. கழுத்துப் பகுதி மட்டும்தான் பாக்கி. மேஸ்திரி பின்னால் வந்து நின்றார். “அரை மணி வேலைதானே? ஷாப்ட்டு போடட்டா?” என்றார். நான் தலையாட்டினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆசை காட்டவும் இல்லை. தலையாட்டியது நான்.

எங்கள் ஷாப்பில் மிஷினுக்கு ஒரு மோட்டார் என்ற கதை கிடையாது. கூரைக்குக் கீழே நீளமாக ஓடும் ஒரே இரும்பு ஷாப்ட்டுதான். அது சுற்றினால் முப்பது பெல்ட்டும் சேர்ந்து தடதடக்கும். ஒருவன் கடைந்தாலும் முப்பது பேர் கடைகிற சத்தம் கேட்கும்.

கருங்காலித் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. நான் தும்மிக்கொண்டே கடைந்தேன். “தூசி ஜாஸ்தி. இரு, கிடிக்கி திறந்து விடறேன்,” என்று மேஸ்திரி ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை ஜன்னலும் நம் ஆட்கள் கூடி நின்ற பெரிய கேட்டைப் பார்த்து இருப்பவை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

தண்டை முடித்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்து, சுற்றிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். அங்கே ஒரே அமளி. மச்சான் ஒரு பலகைப் பெட்டி மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“மர ஷாப்புல ஒருத்தன்கூட உள்ள போகல! வெறும் ஷாப்ட்ட ஓட்டி நம்மள ஏமாத்தறானுங்க. என் ஷாப்புக்கு நான் ஜவாப்தாரி!”

நான் போய் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கூட்டத்தில் ஒருவன் எதிர்க்குரல் கொடுத்தான். “வெத்து சத்தம் இல்லண்ணே! உள்ள இருக்கறது கருங்காலி!”

வேலைநிறுத்தத்தை முறிப்பவனை அப்படிச் சொல்வது, மதராஸிலிருந்து வந்த சங்கத்துக்காரர்கள் எங்களுக்குக் கொண்டுவந்த புதுப் பேச்சு. மற்றவர்களுக்கு நாலு நாளில் அது பழகிவிட்டது. எனக்குக் கருங்காலி என்றால் மரம்தான். அதுவும் சற்று முன்னால் என் கையில் சுழன்ற மரம். இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று வெலவெலத்துப் போனேன். வாய் தானாகப் பேசிவிட்டது.

“நம்மூர் கருங்காலி இல்ல. கப்பல்ல வந்தது.”

மெதுவாகத்தான் சொன்னேன். அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை, மச்சானைத் தவிர.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். என் மூக்கைச் சுற்றிக் கறுப்புத் தூள் ஈரத்தோடு அப்பியிருந்திருக்க வேண்டும். பெட்டியிலிருந்து இறங்கி, தோளில் கிடந்த துண்டால், சளி பிடித்த குழந்தைக்குத் துடைப்பது போல என் மூக்கைத் துடைத்துவிட்டார். துண்டில் கறுப்பு ஒட்டியிருந்தது. அதை உள்ளே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி பெட்டி மேல் ஏறினார்.

“மர ஷாப்புல ஒருத்தனும் போகல,” என்றார்.

முதல் தடவை அவர் நம்பிச் சொன்னார். இரண்டாம் தடவை தெரிந்தே பொய் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், குரல் பிசிறியது. கூட்டம் அதைக் கண்டுகொண்டது. அப்போதாவது, “போனது நான்தான், நான் ஒருத்தன்தான்” என்று சொல்லியிருந்தால் சனங்கள் என்னை அடித்துப் போட்டிருப்பார்கள், வேலைநிறுத்தம் பிழைத்திருக்கும். நான் சொல்லவில்லை. பயந்துகொண்டு நின்றேன்.

மர ஷாப்பே வேலைக்குப் போய்விட்டதாம் என்று மறுநாள் நூற்புப் பகுதி உள்ளே போயிற்று. வாரம் முடிவதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். மச்சானையும் வேறு நாலு பேரையும் மட்டும் ஆலை திரும்பச் சேர்க்கவில்லை. அவர் குடும்பத்தோடு தங்கவயலுக்குப் போய்ச் சுரங்கத்தில் இறங்கினார். துரை தண்டுகளைப் பார்த்து “குட்” என்றார். விரிசல் ஒன்றுமில்லை.

அண்ணன் நினைவு வரும்போதெல்லாம் என் மனைவி சபிப்பாள். “எந்தக் கருங்காலியோ எங்கண்ணன் சோத்துல மண்ணப் போட்டான். அவன் கை அழுகிப் போக!” சொல்லிக்கொண்டே என் தட்டில் குழம்பு ஊற்றுவாள். நான் அதே கையால் பிசைந்து சாப்பிடுவேன்.

சில வருடங்களில் பாறைத் தூசி மச்சானின் நெஞ்சைத் தின்றுவிட்டது. தடி இல்லாமல் நடக்க முடியவில்லை என்று தகவல் வந்தது. துரையின் கட்டையில் மீந்த ஒரு துண்டு என்னிடம் இருந்தது. அதில் கைத்தடிக்கு ஒரு பிடி கடைந்தேன். அதைக் கொடுக்கும்போது மனைவி முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

மச்சான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிடியை வாங்கி, கடைசல்காரர்கள் பார்க்கிற மாதிரி கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஒரு பாட்டம் இருமி முடித்தார்.

“நல்லா வந்திருக்கு மாப்ள. இது நம்மூர் கருங்காலியா, கப்பல்ல வந்ததா?”

நான் அந்தப் பிடியையே பார்த்தேன். தண்ணீர்ச் செம்போடு வந்த என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னண்ணா, என்ன கேட்ட அவர?”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்கு இடம் விட்டார்.

“ஒண்ணுமில்ல, என்ன மரம்னு கேட்டாரு,” என்றேன் அவளிடம்.

மச்சான் தோளிலிருந்த துண்டை எடுத்து அந்தப் பிடியைத் துடைக்க ஆரம்பித்தார்.