எருவுக்கு ஆசைப்பட்டு மாடு கட்டிய இடம்

ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்களுக்கு இருப்பது மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறும் மண். அந்த மண்ணுக்கு எரு போடுவதில் எனக்குப் பேராசை, ஒத்துக்கொள்கிறேன். குப்பைக்குழி எருவை விதைப்புக்கு முன்னாலேயே அள்ளிப் போட்டாயிற்று. அது போதாதென்று, விதைக்காமல் விட்ட பாதிக் காட்டில் எங்கள் ஒரே சினைமாட்டைப் பகலெல்லாம் கட்டிவைப்பேன். சாணமும் மூத்திரமும் எல்லா இடத்திலும் விழ வேண்டுமே! தினமும் முளைக்குச்சியைப் பிடுங்கி நாலு எட்டு தள்ளி அடிப்பேன். "மாட்ட விட சாணி மேலதான் ஒனக்குப் பாசம்" என்பார் என் வீட்டுக்காரர்.

இந்த வருஷம் சோளம் முழங்கால் உயரம் வந்ததும் மழை நின்றுபோனது. எரு கனமாக விழுந்த ஓரத்தில் பயிர் கருகருவென்று வளர்ந்திருந்தது. அதுதான் முதலில் வாடிச் சுருண்டது. வாடின சோளப்பயிர் மாட்டுக்கு விஷம் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரிந்துதான், சாணம் விழாத இடம் அது ஒன்றுதான் பாக்கி என்று, அன்றைக்கு அந்த ஓரத்தை ஒட்டி முளை அடித்தேன். கயிறு எட்டாது என்று கண்ணளவிலேயே நம்பிவிட்டேன்.

மத்தியானம் போய்ப் பார்த்தால், மாடு சோளத்துக்குள் தலையை விட்டு மேய்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு தின்றதோ தெரியவில்லை. இழுத்து இந்தப் பக்கம் கொண்டுவருவதற்குள் மூச்சு இரைத்தது, வாயில் நுரை தள்ளியது. கால்கள் வெடவெடவென்று நடுங்கி, அப்படியே சாய்ந்துவிட்டது.

"ஏங்க, மாடு சோளத்தத் தின்னுருச்சுங்க! டாக்டரக் கூட்டிட்டு ஓடியாங்க!" என்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"மொளைய எங்கடி அடிச்ச?" என்றார். "மொதல்ல டாக்டரக் கூட்டியாங்க" என்றேன். போனை வைத்துவிட்டார்.

மாட்டு டாக்டர் கன்னிவாடியில் இருந்தாராம். வீட்டுக்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு வரும்வரை மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் வயிற்றில் கையை வைத்தால், கன்று துடிக்கிறதா என் கைதான் நடுங்குகிறதா என்று புரியவில்லை. "ஆத்தா, எருவும் வேணாம், வெள்ளாமையும் வேணாம். இந்த ரெண்டு உசுர விட்டுரு" என்று வாய்விட்டுக் கும்பிட்டேன். ரோட்டில் போன ஒவ்வொரு பைக்கும் எங்கள் பைக்காகத்தான் கேட்டது. எதுவும் நிற்கவில்லை.

ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். டாக்டர் ஒன்றும் கேட்காமல் கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றினார். "எந்திரிச்சிட்டா பொழச்சுக்கும். செத்த நேரம் பாப்போம்" என்றார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நுரை நின்றது. இரைப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. கடைசியில் பின்பக்கத்தைத் தூக்கி, தள்ளாடித் தள்ளாடி எழுந்து நின்றது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

எழுந்த மாடு கழுத்தை நீட்டி, நேரே அந்தச் சோளத்தைப் பார்த்தே நடந்தது. எனக்கு என்ன வந்ததோ, பாய்ந்து போய்க் கயிற்றைப் பிடித்து, அதன் முகத்திலேயே ஓங்கி அறைந்துவிட்டேன். கன்றாக வந்த நாளிலிருந்து அதை ஓர் அடி அடித்ததில்லை. அது மிரண்டு, என்னைப் பார்த்தபடியே பின்வாங்கி, வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது.

அவர் கையை நீட்டினார். "கயித்த எங்கிட்டக் குடு" என்றார்.

கொடுத்துவிட்டேன்.