இடோனியாவின் ஆறு ஏக்கர்

எங்கள் ஊர் தார்ன்கோட்டில் பால் கறக்கும் இடோனியாவுக்கு ஓடையோரம் ஆறு ஏக்கர் புல்வெளி இருந்தது. புருஷன் ஹேமோ சாகும்போது அவள் பேருக்கு விட்டுப்போனது. ராஜா எங்கள் ஊரையும் பண்ணையையும் தன் ஆசைநாயகி சபீனாவுக்கு எழுதிக்கொடுத்த வருஷம், அவளுடைய ஆட்கள் வந்து ஓடையையும் சேர்த்து வேலி போட்டார்கள். புல்வெளியும் பண்ணையைச் சேர்ந்ததுதானாம்.

இடோனியா இரண்டு நாள் நடந்து நீதிமன்றம் போனாள். நீதிபதிக்குப் பக்கத்தில், அதே பெஞ்சில், சபீனாவே உட்கார்ந்திருந்தாள். நீதிபதி பத்திரத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். மதியத்துக்குள் வழக்கு முடிந்துவிட்டது.

அப்புறம் பதினோரு வருஷம் அந்தச் சீமாட்டியின் மாடுகளைத்தான் இடோனியா கறந்தாள். அவை மேய்ந்தது இடோனியாவின் புல்லை. முதலில் கோபம் இருந்தது. போகப்போக, கோபப்படவும் தெம்பு இல்லை. கறந்து, பாலாடைக்கட்டி பிழிந்து, உப்புத் தடவி அடுக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சபீனாவுக்கு இதுபோல் இருபது ஊருக்கு மேல் என்றார்கள். எங்கள் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ராஜா செத்த பிறகுதான் வந்தாள். ஒரே ஒரு வேலைக்காரியோடு, மழையில் தொப்பலாக நனைந்து. அவள் சொத்தைப் பிடுங்கி நாடு கடத்தப் பாராளுமன்றம் முடிவு செய்த சேதி எங்களுக்கு முன்னமே வந்திருந்தது. பண்ணை மாளிகையில் அடுப்பு மூட்ட ஆளில்லை. பால்கொட்டகையில்தான் கணப்பு இருந்தது. அங்கே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த ஊர்ல என்னை ரொம்பத் திட்டுவாங்களோ?"

"திட்ட யாருக்கும்மா நேரமிருக்கு? மாடு காத்திருக்குமா?" என்ற இடோனியா, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஓடையோரம் ஆறு ஏக்கர் என்னுது. கோர்ட்டுல நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

"எத்தனையோ தடவை உக்காந்திருக்கேன். உன் முகம் ஞாபகமில்லடி."

"உங்க முகம் எனக்கு மறக்கல."

சபீனா முக்காலியைக் கணப்புக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சரி, உனக்கே எழுதித் தரேன். போன வருஷத் தேதி போட்டுடறேன், சொத்தைப் பிடுங்கறதுக்கு முன்னாடியே கொடுத்ததா இருக்கட்டும். முத்திரை இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

சொன்னபடியே எழுதிக்கொடுத்துவிட்டு மறுநாள் போய்விட்டாள்.

மணியக்காரர் வைமார்க் அந்த முத்திரையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "உனக்கென்ன பைத்தியமா? இவ முத்திரை இப்ப விஷம். பேசாம அடுப்புல போடு."

"பதினோரு வருஷமாச்சு இது கைக்கு வர. கொளுத்தவா சொல்றீங்க?"

சொத்துக்களைக் கைப்பற்ற வந்த புது ராஜாவின் அதிகாரியிடம் அந்தப் பத்திரத்தை நீட்டினாள். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "அவ உனக்கு எழுதிக்கொடுத்ததை நீ வாங்கிக்கிட்டே. அப்ப நிலம் அவளுதுன்னு நீயே ஒத்துக்கிட்டதாச்சே. அவளுதெல்லாம் இனி ராஜாவுக்கு."

"அது என் புருஷன் கொடுத்ததுய்யா."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அறுப்புக் காலம் வந்ததும் இடோனியா அந்த ஆறு ஏக்கரையே ராஜாவின் ஆட்களிடம் குத்தகைக்கு எடுத்தாள். முதல் நாள் பாதிப் புல்லை அறுத்துவிட்டு, நல்ல வெயிலில் அரிவாளைக் கீழே போட்டு அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டாள். பக்கத்து நிலத்தில் நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். யாரும் எழுப்பவில்லை. மீதிப் புல்லை நாங்களே அறுத்துப் போட்டோம்.