பூ வைத்து மூடிய மூன்று விநாடி

அந்த "ஆமாம்" மணப்பெண்ணின் குரல்தானா? மூன்று வருஷமாக யோசிக்கிறேன், இன்னும் தெரியவில்லை.

ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். என் கணவர் ஃபிட்டர். லீவு நாட்களில் கல்யாண வீடியோ எடுப்பார். அதை வெட்டி ஒட்டுவது என் வேலை. இயற்பியல் படித்தவள்தானே, மிஷின் வேலை வரும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். குவார்ட்டர்ஸில் தொழில் செய்யக் கூடாது. அதனால் உள் அறைச் சன்னலைச் சாத்தி, அதன் மேல் போர்வையை ஆணியடித்திருந்தோம். ஃபேன் போட்டால் மெல்லிய குரல்கள் கேட்காது என்று அதையும் நிறுத்திவிடுவேன். குழந்தையின் தூளியும் அங்கேயேதான். தூளிக் கயிறு கால் விரலில், பட்டன் கையில். யாராவது கதவைத் தட்டினால் டிவியை அணைத்துவிட்டு, குழந்தை சிணுங்கிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

படத்தையும் சத்தத்தையும் சேர்ந்து ஓட வைப்பதுதான் பெரும்பாடு. நாங்கள் எடுப்பது பெரும்பாலும் மாதா கோயில் கல்யாணங்கள். கோயிலுக்குள் கேமராவின் மைக்கில் ஃபேன் இரைச்சல்தான் விழும். அதனால் அவர் கோயில் ஆம்ப்ளிஃபயரில் டேப் ரெக்கார்டரைச் சொருகி, பூசையைத் தனியாகப் பதிவு செய்துகொண்டு வருவார். நான் வீடியோ டெக்கையும் டேப் ரெக்கார்டரையும் ஒரே நேரத்தில் அமுக்கி, படத்தின் மேல் அந்தச் சத்தத்தை ஏற்றுவேன். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாது. பத்து நிமிஷத்தில் உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். எனவே துண்டு துண்டாகத்தான் செய்ய முடியும். ஒவ்வொரு துண்டிலும் கண்ணுக்கும் தெரிந்து காதுக்கும் கேட்கிற ஓர் இடம் வேண்டும். கோயில் கல்யாணங்களில் எனக்கு அது தாலி கட்டும்போது பீடத்தருகே அடிக்கும் மணி. மணி அசையும் இடத்தில் ஓசையைப் பொருத்திவிட்டால், முன்னும் பின்னும் இரண்டு நிமிஷம் பிசகாது.

அது பூந்தமல்லிப் பக்கத்துக் கல்யாணம். மணியைப் பொருத்திவிட்டு, அதற்குச் சற்று முன்னிருந்து ஓட்டிப் பார்த்தேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழு மனதோடு வந்திருக்கிறாயா என்று சாமியார் மாப்பிள்ளையிடம் கேட்கிறார். அவர் ஆமாம் என்கிறார். உதடும் சொல்லும் கச்சிதம். பிறகு பெண்ணிடம் கேட்கிறார். அவள் தலை குனிந்திருக்கிறாள். ஒரு பெண்குரல் "ஆமாம்" என்கிறது. அவள் உதடு மூடியிருக்கிறது.

அரை விநாடி முன்னால் இழுத்தேன், ஒரு விநாடி பின்னால் தள்ளினேன். எங்கே வைத்தாலும் உதடு அசைந்த மாதிரி இல்லை. முக்காட்டின் நிழல் வாயோரம் விழுந்திருந்தது. படத்தை நிறுத்தினால் குறுக்கே கோடுகள் ஓடின. அவள் தோளை ஒட்டி, மைக்குக்கு எட்டுகிற தூரத்தில், அவள் அம்மாவும் தோழிப்பெண்ணும் நின்றார்கள்.

ஷிஃப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன்.

"பொண்ணு இன்னா மேடப் பேச்சா பேசும்? ஒட்டலன்னா மேல பூவப் போட்டு மூடு. இதுக்குப் போயி இன்னாத்துக்கு இவ்ளோ யோசன?"

பீடத்துப் பூச்செண்டைத் தனியாக எடுத்த படம் எப்போதும் கைவசம் இருக்கும். மூன்று விநாடி வைத்தேன். என் கைதான் எங்கோ தவறியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

கேசட்டைக் கொடுக்கும் முன் போட்டுக் காட்டுவது வழக்கம். அந்தப் பெண்ணும் அவள் மாமியாரும் வந்து அந்த அடைத்த அறையில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பூ வந்தது, குரல் வந்தது.

"எம் மருமவ எப்டி கணீர்னு சொல்லிகீது பாரு" என்று மாமியார் என்னிடம் பெருமைப்பட்டார்.

மாமியார் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, குழந்தையைப் பார்க்கிற சாக்கில் அவள் தூளியருகே வந்தாள்.

"அக்கா, அந்த எடத்துல ஏன் பூவப் போட்டீங்க?"

"கேமரா ஆடிடுச்சும்மா."

"அப்டியா" என்றாள். தூளியை இரண்டு முறை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நீ சொன்னாயா என்று நான் கேட்டிருக்கலாம். இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? வாசலில் மாமியார், அறைக்குள் நான், சன்னலில் போர்வை. ஒருவேளை அவள் சும்மாதான் கேட்டாளோ, தன் முகம் டிவியில் வரவில்லையே என்ற ஆசையில்? அப்படியும் நினைத்துப் பார்க்கிறேன். நினைப்பு நிற்பதில்லை.

கேமராக் கேசட்டின் மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவோம். பூ மூடாத அவள் முகம் இருக்கிற அந்தக் கேசட்டை மட்டும் புடவைகளுக்கு நடுவே ஒளித்துவிட்டு, காணோம் என்று பொய் சொன்னேன். போன வாரம், அன்று தூளியில் கிடந்த மகளின் எல்.கே.ஜி. யூனிஃபார்மைத் தேடியபோது கணவர் கையில் அது சிக்கிவிட்டது. வானகரத்துக் கல்யாணத்துக்கு ஆகும் என்று பையில் வைத்தார். அவர் குளிக்கப் போன நேரத்தில் புதிய கேசட் ஒன்றை மாற்றி வைத்தேன். இப்போது அது அரிசி டின்னில் இருக்கிறது. எத்தனை நாள் இருக்கும்?

அவள் வீடு எனக்குத் தெரியும். கொண்டுபோய்க் கொடுத்தால், நிம்மதியாக இருக்கிற குடும்பத்தில் நானே நெருப்பு வைத்ததாகிவிடலாம். அழித்துவிட்டால், அவள் கேட்டதற்கு இரண்டாவது முறையும் பொய் சொன்னதாகும். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.