ஞாயிற்றுக்கிழமைக் கப்பல்

அந்தக் கப்பல் ப்ளைவுட்டில் செய்தது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் என்ன? என் வீட்டுக்காரர் இசக்கிப்பாண்டி திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஹார்டுவேர் கடையில் வேலைக்கு நின்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் அந்தக் கப்பல் விண்வெளியில் மிதந்து வரும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"ஏளா பிரேமா, அந்த எண்ணெய்க் குழாய் இருக்குல்லா, அது நம்ம கடையில விக்குத ஹோஸ். கதவுல இருக்கது அலமாரிக் கைப்பிடி."

"வாயை மூடிக்கிட்டுப் பாருங்களேன்" என்று தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவேன். அடுத்த நிமிஷம் அவரே என் தோளைத் தட்டுவார். "இப்ப அந்த கேப்டன் என்ன சொல்லுதான்?"

அது இந்தி சீரியல். அவருக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து பாதி புரிந்துகொண்டு மீதியை இட்டுக்கட்டிச் சொல்வேன். ஏழு பேர் ஒரு விண்கப்பலில் தூரத்துக் கிரகத்துக்குப் போகிறார்கள், வழி தப்பிவிடுகிறது. பூமியிலிருந்து அனுப்பும் சேதி அவர்களுக்குப் போய்ச்சேர மாசக்கணக்காகும். அந்த ஏழு பேரில் ஒரு டாக்டரம்மா. அவள் புருஷன் பூமியில் இருக்கிறான். ஒவ்வொரு வாரமும் முடிகிற நேரத்தில் அவள் வட்ட ஜன்னலில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டு நிற்பாள். வெளியே நட்சத்திரம். கறுப்புத் துணியில் ஓட்டை போட்டுப் பின்னால் பல்பு வைத்த நட்சத்திரம்தான், அதுவும் தெரியும். இருந்தாலும் நான் கண்ணை எடுக்கமாட்டேன். கரமனையில் ஆற்றை ஒட்டின ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு, ஒரு பக்கம் நாகர்கோவில், மறுபக்கம் கொல்லம், அதற்கு மேல் எங்கேயும் போகாதவள் நான். எங்கேயாவது வெகுதூரம் போகவேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை.

கடைசியில் போனது அவர்.

பாறசாலைக்காரர் நேசையன் ஷார்ஜாவில் ஒரு பெயின்ட் கடையில் இருந்தார். அவர் சொல்லி இவருக்கும் அங்கே வேலை கிடைத்தது. ஓடு ஒழுகுகிற வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டவேண்டும் என்பது பேச்சு. அத்தைக்காகத்தான் அது. அத்தை என்றால் என் மாமியார் மாடம்மாள். "கண்ண மூடுததுக்குள்ள ஒழுகாத வீட்டுல ஒரு மழைக்காலம் படுத்துரணும்" என்று அவள் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் எரியும். உன் மழைக்காலத்துக்கு என் புருஷனா கிடைத்தான்?

அந்தக் காலத்தில் கல்ஃபுக்குப் போனவர்களோடு கேசட்டில்தான் பேச்சு. டேப் ரிக்கார்டரில் பேசிப் பதிந்து, லீவில் வந்து திரும்புகிற ஆள் யாரிடமாவது கொடுத்துவிடுவோம். அங்கிருந்தும் அதேபோல் வரும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே நான் பேசும்போது பக்கத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு அத்தை. அங்கே அவர் ரூமில் எட்டு ஆண்கள். யாருக்குக் கேசட் வந்தாலும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கேட்பார்கள். இதில் புருஷனிடம் என்ன பேசுவது?

முதல் கேசட்டில் நான் பேசியதை நினைத்தால் இப்போதும் வெட்கம் பிடுங்கித் தின்னும். சுகமா, இங்கே சுகம், மழை பெய்தது, பலாச்சக்கை பழுத்தது. அதற்குள் அத்தை "மதி" என்றாள். சோறு போதும் என்பதற்கும் பேச்சு போதும் என்பதற்கும் அவளுக்கு மதிதான். இத்தனை வருஷம் திருவனந்தபுரத்தில் இருந்து அவள் சம்பாதித்த மலையாளம் அது. கேசட்டில் பாதிக்குமேல் காலியாகக் கிடந்தது. அந்த எரிச்சலில்தான், "இந்த வாரம் கப்பல்ல என்ன நடந்துச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தேன். கதை முழுக்கச் சொன்னேன். டாக்டரம்மா ஜன்னலில் நின்றதையும் சொன்னேன்.

பதில் கேசட் வர எத்தனையோ நாள் ஆயிற்று. சுகம் விசாரித்து முடித்ததும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"பிரேமா, கதை கேட்டோம். ரூம்ல எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு, கூட இருக்க ரதீஷ் ரெண்டு தடவ போடச் சொல்லிட்டான். அந்த டாக்டரம்மா... ஜன்னல் பக்கமே நிக்காண்டாம்னு சொல்லு. பூமியில இருக்கவனுக்கும் உறக்கம் இல்லைன்னு சொல்லு."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அத்தை உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இதுதான் வழி என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. எட்டுப் பேர் இல்லை, எண்பது பேர் கேட்கட்டுமே! நான் பேசுவது கப்பல் கதை.

பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குத் திருவிழா. அவர் கண்ணுக்கும் சேர்த்துப் பார்ப்பேன். குழாயைக் காட்டினால், "உங்க கடை ஹோஸ் இந்த வாரமும் வந்துச்சு" என்று மறக்காமல் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியைப் போட்டால் கப்பல் இல்லை. சமையல் நிகழ்ச்சியில் ஒருத்தி பன்னீர்க் கட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமும் அவள்தான். சீரியலை நிறுத்திவிட்டார்கள். ஏழு பேரை நடு விண்வெளியில் விட்டுவிட்டு, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. நாசமாய்ப் போக என்று நான் டிவியைப் பார்த்துத் திட்டியது தெருமுனை வரை கேட்டிருக்கும். அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

அதற்காகக் கப்பலை அப்படியே விட முடியுமா? அடுத்த கேசட்டுக்கு உட்கார்ந்தபோது, "இந்த வாரம் கப்பல்ல..." என்று வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். டிவியில் பன்னீர்க்காரி வந்தது அவளுக்கும் தெரியும். இதோ போட்டுக்கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மறுபடி முட்டியைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு மதியும் சொல்லவில்லை. எனக்கும் அதை யோசிக்க நேரமில்லை. டாக்டரம்மாவுக்குக் காய்ச்சல் வந்திருந்தது.

இப்படியே இரண்டாவது மழைக்காலமும் வந்தது. லீவில் வந்த நேசையன் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு மெல்லச் சொன்னார். "முதலாளி இன்னும் ரெண்டு வருஷம் நிக்கச் சொல்லுதாரு. இசக்கி ஒப்புக்கிடுவான் போல இருக்கு. பேப்பர் தயாரா இருக்கு, கேட்டியா."

பழையதை இடித்துக் கட்டின வீடு பாதியில் நின்றது. நாலு சுவர் எழும்பியிருந்தது, கூரை இல்லை. நாங்கள் பக்கத்தில் ஓலைச் சார்ப்பில் இருந்தோம். போதும், வாருங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? அத்தையின் கூரைக்குக் குறுக்கே நின்றவள் என்று ஆயுசுக்கும் பேராகிவிடும். எட்டு ஆண்கள் நடுவில் அவருக்கும் மானக்கேடு. நேசையன் திரும்புவதற்கு முன்னால் கேசட்டைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இந்த வாரம் கப்பல் ஒரு முக்குக்கு வந்து நிக்கி. ஒரு வழி பூமிக்குப் போவுது. இன்னொண்ணு இன்னும் தூரத்துக்குப் போவுது, அங்கே தங்கம் இருக்குதாம். கேப்டன் ஒவ்வொருத்தரா கேக்கான். டாக்டரம்மா எனக்குத் தங்கம் வேண்டாங்கா. பூமியில இருக்கவரு மொகமே எனக்கு மறந்துருமோன்னு பயமா இருக்குங்கா. கேப்டன் ஒண்ணும் சொல்லலை. அதோட முடிச்சுட்டான்."

குரல் உடையாமல் சொல்லி முடித்துவிட்டேன். அத்தை வெளியே கூரையில்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் வருகிற வரை எனக்கு எதுவும் ஓடவில்லை. வந்த அன்றைக்கு நல்ல மழை. டேப்பைப் போட்டதும் அவர் சுகம் விசாரிக்கக்கூட இல்லை.

"அடுத்த வாரக் கதைய இந்தத் தடவ நான் சொல்லுதேன்" என்றார். பார்க்காத சீரியலுக்கு அவர் எப்படிக் கதை சொல்வார்? அப்படியானால் சீரியல் நின்றுபோனது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் இத்தனை நாளும் அப்புறம், அப்புறம் என்று கேட்டிருக்கிறார்.

"கேப்டன் கப்பலைத் திருப்பலை, பிரேமா. அவனுக்கும் ஆசைதான். ஆனா பூமியில அவனுக்கு ஒரு அம்மா உண்டு. ஒழுகாத வீட்டுல படுக்க வைக்கேன்னு அவகிட்ட சொல்லிட்டு வந்திருக்கான். அந்த டாக்டரம்மா பொறுத்துக்கிடுவா. அவ நல்லவ."

டேப் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. நல்லவளாம்! நல்லவளாக இருந்து எனக்கு என்ன கிடைத்தது? ஓலை வழியே என் முதுகில் மழை சொட்டியது. நான் நகரவில்லை.

அத்தை எழுந்து வந்தாள். "ஏளா, புதுக் கேசட் கிடக்கா?"

"எதுக்கு அத்தை?"

"போடு."

போட்டேன். பதிகிற பொத்தானை அமுக்கினேன். அத்தை டேப் ரிக்கார்டருக்கு நேராகக் குனிந்தாள். இத்தனை நாளில் அவள் அதில் பேசியதே இல்லை. தூரத்தில் இருக்கிறவனைக் கூப்பிடுவதுபோல் சத்தமாகப் பேசினாள்.

"எய்யா இசக்கி, அம்மா பேசுதேன். நீ சொன்ன கத சரியில்லய்யா. அந்த அம்மாக்காரிகிட்ட எவனும் கேக்கலை. கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பா. வீடு ஒழுகுனா சட்டி வச்சுக்கிடலாம். இங்க டாக்டரம்மா ஒழுங்காச் சோறு திங்குததில்லை. ராத்திரி முழுக்கப் பெரண்டு பெரண்டு படுக்கா. நான் பக்கத்துலதான கிடக்கேன், எனக்குத் தெரியாதா? கேப்டன்கிட்ட சொல்லு. கப்பலைத் திருப்பச் சொல்லு."

மூச்சு வாங்கினாள். அப்புறம் கொஞ்சம் தாழ்ந்த குரலில், "மதிய்யா. வந்துரு" என்றாள்.

டேப்பை நிறுத்து என்று எனக்குக் கையைக் காட்டினாள். என்னால் முடியவில்லை. நான் அழுததும் அந்தக் கேசட்டில் இருக்கிறது.