மேனேஜருக்கு எட்டுக் கால்

கணேசன் அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை, வேலைக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது... மாரடைப்பு.

அசாம் ஜாவா ஊருக்குப் பக்கத்தில் எங்கள் செம்பனை எண்ணெய் மில்லில் அவர் எலக்ட்ரிஷியன். நான் லோரிகளை எடை போடும் ஆபீஸில் கிராணி, கணக்கு எழுதி ரசீது கொடுக்கும் வேலை. பதினோரு வருடம் ஒரே மேசையில் டீ குடித்திருக்கிறோம்.

என் ஃபிரெண்ட் லிஸ்டில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. ஆனால் அவருடைய சிலந்தியைத் தெரிந்திருக்கும்... எத்தனை போட்டோ போட்டு, எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

டாரன்டுலா. விரித்த உள்ளங்கை அளவு, கறுப்பு உடம்பு, முட்டிக்கு முட்டி ஆரஞ்சு நிறம். பெயர் மேனேஜர்.

"நாள் முழுக்க ஒரே மூலையில ஒக்காந்திருக்கு. சாப்பாட்டுக்கு மட்டும் வெளிய வருது. வேற என்ன பேரு வைக்கிறது லா?" என்பார் அண்ணன்.

எங்கள் நிஜ மேனேஜருக்கு இந்த விஷயம் இதுவரை தெரியாது. இப்போது படித்துக்கொண்டிருந்தால்... சாரி சார்.

அண்ணன் வெளியூர் போனால் மேனேஜர் கண்ணாடித் தொட்டியோடு என் ஆபீஸுக்கு வந்துவிடும். "அது இருக்குற வீட்டுல நான் ஒத்தையா இருக்க மாட்டேன்" என்று அவர் மனைவி விஜயா அக்கா கறாராகச் சொல்லியிருந்தார்.

பெரிய வேலை இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்ப வேண்டும், வாரம் ஒரு செங்கெரிக், அதுதான் ராத்திரியில் கிரீச்சிடும் சில்வண்டு, தீனியாகப் போட வேண்டும், தொடக் கூடாது.

தொந்தரவு செய்தால் பின்னங்காலால் வயிற்று முடியை உதறிவிடும். ஒரு தடவை தொட்டியைத் துடைக்கப் போய் இரண்டு நாள் கையைச் சொறிந்துகொண்டிருந்தேன்... லோரி டிரைவர்கள் ஓரடி தள்ளி நின்றே ரசீதை வாங்கினார்கள்.

ஒரு தைப்பூசத்துக்கு அண்ணன் பத்துமலைக்குக் காவடி எடுக்கப் போயிருந்தார். காலையில் ஆபீஸைத் திறந்தால், மேனேஜர் மல்லாக்கக் கிடக்கிறது. காலெல்லாம் மேலே.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனுஷன் விரதம் இருந்து காவடி தூக்குகிறார், நான் இங்கே அவர் பிள்ளையைக் கொன்றுவிட்டேன்.

போன் பண்ணத் தைரியம் வரவில்லை. ஸ்பூனால் அள்ளி, டிஷ்யூவில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றையும் கொஞ்சம் போட்டேன். ஒரு மரியாதைக்கு.

மறுநாள் வந்தார், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. டின்னை நீட்டிவிட்டு அழுதேன்.

திறந்து பார்த்தார். உள்ளே இரண்டு மேனேஜர்.

ஒன்று வெறும் தோல். இன்னொன்று புதுசாக, பளபளவென்று... ஏழு காலோடு.

டாரன்டுலா தோல் உரிக்கும்போது மல்லாக்கத்தான் படுக்குமாம். அந்த நேரம் அதை அசைக்கவே கூடாதாம். நான் அள்ளியதில் ஒரு கால் பழைய தோலுக்குள்ளேயே சிக்கி முறிந்துவிட்டது.

அண்ணன் டின்னுக்குள் கிடந்த திருநீற்றை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "நல்ல வேள, கொள்ளி வைக்காம விட்டியே பரமு" என்றார். பிறகு, "அழாத லா. கால் திரும்ப மொளைக்கும்."

அடுத்த தடவை தோல் உரித்தபோது ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வந்தது. "7½".

புதுக் கால் முளைத்திருந்தது, குட்டையாக, மெலிசாக. அதற்கு அடுத்த தடவை "8". வேறு ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்த்து எனக்கு அந்த ஒரு எண்ணை அனுப்புவார். நான் நிம்மதியாக இருக்க வேண்டும் என்றுதான் அனுப்பினார். அது எனக்குத் தெரியும்.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் அண்ணன்... சமையலறைக்குப் போகும் வழியில் அந்தத் தொட்டி. அதன் முன்னால் அவர் தம்பி, கையில் ஒரு வெள்ளைத் துணியோடு.

"இதுவும் போயிருச்சு பாருங்க. அண்ணன் ஆசையா வளத்தது... கூடவே வெச்சு அனுப்பிடலாம்னு அண்ணி சொல்றாங்க."

எட்டிப் பார்த்தேன். மல்லாக்க. காலெல்லாம் மேலே.

அவர் கையைப் பிடித்துவிட்டேன். "தொடாதீங்க. அது சாகல."

வீடே திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ, "பாவம், அதிர்ச்சி போல" என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

விஜயா அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, தோல் உரிக்குதுக்கா. சாயந்தரத்துக்குள்ள தானா எந்திரிச்சுக்கும். யாரையும் தொட விடாதீங்க."

அக்கா நம்பினாரா என்று தெரியவில்லை. "அவரு இருந்தா சொல்லுவாரு" என்று மட்டும் சொன்னார். தம்பி துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அண்ணனை ஏற்றிய வண்டி போனதும் நேராக வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

மனசு மட்டும் அந்தத் தொட்டியிலேயே நின்றது. இந்தத் தடவை அது உண்மையாகவே செத்திருந்தால்? அவரோடு போக வேண்டியதைத் தடுத்தவள் நான்தானே... ஒரே சிலந்தியிடம் இரண்டு தடவை தப்புப் பண்ணிவிட்டேனோ என்று உட்காரவே முடியவில்லை.

ஐந்தே முக்காலுக்கு மெசேஜ் சத்தம். கணேசன் அண்ணன் நம்பர்.

போனைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, அவர் போன் இப்போது விஜயா அக்கா கையில். மேலே இருந்த பழைய மெசேஜ்களையெல்லாம் பார்த்திருப்பார்.

அந்தத் தொட்டிப் பக்கமே போகாத அக்கா, இன்றைக்குக் குனிந்து எண்ணியிருக்கிறார்.

"8".

போய் வாங்கண்ணே.